ஓரியூர் வேன் பயணம்: ஒரு பழைய தணிக்கையாளரின் மதிப்பீடு

முதலில் வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள். இராமநாதபுரத்தில் ஏறி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர், தொண்டி வழியாக ஓரியூர் போய் அன்றே திரும்பும் பயணம் இது. ஏற்பாட்டாளரின் பெயர் வேண்டாம். குளிர்சாதன வண்டி என்று சொல்லி முன்பணம் வாங்கினார். வந்த வண்டியில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது, குளிர் இல்லை. "கடற்கரைச் சாலைதானே ஐயா, கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போகும்" என்று சமாதானம் சொன்னார். ரசீது கேட்டதற்கு மட்டும் பதிலே வரவில்லை. கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்தே தலை நரைத்தவன் நான். ரசீது இல்லாமல் கைமாறிய பணத்தை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓட்டுநர் வேறு ரகம். தங்கச்சிமடத்துக்காரர், கத்தோலிக்கர், அளந்து பேசுபவர். உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் கோயில் முன்னால் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தினார். நாங்கள் தேங்காய் உடைத்துவிட்டு வரும்வரை சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குப் போகவேண்டுமா என்று கேட்டதும் அவர்தான்.

நாங்கள் இந்துக்கள். ஓரியூருக்குப் போனது பேரனுக்கு முடியிறக்க. என் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் மொட்டை அருளானந்தர் என்ற கத்தோலிக்கப் புனிதரின் கோயிலில்தான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. கூட வந்த மைத்துனருக்குத்தான் தேவைப்பட்டது. அவர் சில ஆண்டுகளாக ஒரு ஜெப சபைக்குப் போகிறார். அக்கா பேரன் மொட்டைக்கு வராமலும் இருக்க முடியாது, வந்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. திருப்பாலைக்குடி தாண்டியதும் ஆரம்பித்தார்.

"மச்சான், கத்தோலிக்கம் கிறிஸ்தவமே அல்ல. கள்ள உபதேசக் கூட்டம். வெளிநாட்டில் இதைத்தான் கல்ட் என்கிறார்கள். ஒரு மனிதரைப் பரிசுத்த தந்தை என்று கும்பிடுகிறார்கள். பாவத்தை ஆளிடம் போய்ச் சொல்கிறார்கள். மாதாவுக்குத் தேர் இழுக்கிறார்கள். வேதத்தில் எங்கே இருக்கிறது?"

நான் ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, வேதத்தில் இருக்கிறதா இல்லையா என்பது என் இலாகா அல்ல. கணக்கைக் காட்டினால் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். வாயை அடைப்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவேதான் சொன்னேன். ஒரு சங்கம் நேர்மையானதா, ஏமாற்றா என்று அதன் நோக்கவுரையைப் படித்து யாரும் கண்டுபிடித்ததில்லை. நோக்கவுரை எல்லாச் சங்கத்திலும் அழகாகத்தான் இருக்கும். வாங்கிய பணத்துக்குச் சீட்டு இருக்கிறதா, தலைவரைக் கேள்வி கேட்க ஒருவராவது இருக்கிறாரா, உறுப்பினர் விலகிப் போனால் அவர் கதி என்ன, இவற்றைப் பார்த்தால் மாலைக்குள் தெரிந்துவிடும். மதத்துக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. ஓரியூரில் எனக்கு வேறு வேலையும் இல்லை. முடியிறக்கும் இடத்தில் தாத்தாக்களைக் கிட்டே விடுவதில்லை.

மனைவி நன்றிப் பூசைக்குப் பணம் கட்டச் சொன்னார். அலுவலகச் சன்னலில் இருந்த பெரியவர் பெயரையும் கருத்தையும் ஒரு தடித்த பேரேட்டில் எழுதினார். கருத்து என்றால், பூசையில் எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது. எழுதி முடித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வரிசை எண், தேதி, தொகை எல்லாம் இருந்தது. பூசைக் காசை இப்படிப் பேரேட்டில் எழுதுவது அந்தப் பெரியவரின் நல்ல பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினேன். 1983-இல் வெளியானது, மொத்தம் 1752 பிரிவுகள். அதில் 958-ஆம் பிரிவு, பூசைக் கருத்துக்கும் காணிக்கைக்கும் தனிப் பதிவேடு வைத்தே ஆகவேண்டும் என்கிறது. 951: ஒரு குரு ஒரே நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு காணிக்கையைத்தான் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம் (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மட்டும் விலக்கு). 953: ஓராண்டுக்குள் வைத்து முடிக்க முடியாத அளவுக்குப் பூசைக் கருத்துகளை யாரும் வாங்கிச் சேர்க்கக் கூடாது. 947: வியாபாரம் என்ற சாயல்கூட இதில் இருக்கக் கூடாது. 848: வறுமையைக் காரணம் காட்டி யாருக்கும் திருவருட்சாதனங்களை (ஞானஸ்நானம், நன்மை போன்ற சடங்குகளை) மறுக்கக் கூடாது. பங்குக்கு, அதாவது ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்துக்கு, ஒரு நிதிக்குழு இருக்கவேண்டும் என்று 537. விசுவாசிகள் கொடுத்த பணத்துக்கு அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என்று 1287.

எவ்வளவு பேர் தப்புச் செய்திருந்தால் இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் போட்டிருப்பார்கள்! எங்கள் துறையிலும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றறிக்கைக்குப் பின்னாலும் ஒரு கையாடல் இருக்கும். கையாடல் நடக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பூட்டுப் போட்டு வைப்பது கல்ட்டின் இயல்பு அல்ல. அங்கே தலைவர் தப்பே செய்யமாட்டார் என்பதுதான் முதல் பாடம்.

தலைவர் விஷயத்தில் மைத்துனருக்குக் கொஞ்சம் வலுவான பிடி இருக்கிறது. போப்பாண்டவரை நியாயம் விசாரிக்க மேலே யாரும் இல்லை. விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அவர் முறைப்படி அறுதியிட்டுச் சொன்னால் அதில் பிழை இராது என்று 1870-இல் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், கூடிய வத்திக்கான் சங்கத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள். தணிக்கையாளன் கண்ணுக்கு இது உறுத்தும். ஆனால் அதே ஏட்டில் இன்னொன்றும் இருக்கிறது. ஆயர்கள் 75 வயதானால் பதவி விலகல் கடிதம் கொடுக்கவேண்டும். 80 வயதைத் தொட்ட கர்தினாலுக்குப் போப்பைத் தேர்ந்தெடுக்க வாக்கு கிடையாது. 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் வயதைக் காரணம் சொல்லித் தானே இறங்கிப் போனார். 2025 ஏப்ரலில் பிரான்சிஸ் இறந்தார், மே 8-ஆம் தேதி பதினான்காம் லியோ வந்தார், நடுவில் வண்டி நிற்கவில்லை. 1978-இல் கயானாக் காட்டில் 900-க்கு மேற்பட்டவர்களைச் சாகவைத்த கல்ட் தலைவர் ஜிம் ஜோன்ஸ் ஓய்வு பெறுவார் என்று யாராவது எதிர்பார்த்திருப்பார்களா? கீழ்மட்டத்தில் பார்த்தால் பங்குச் சாமியார்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல். அரசு ஊழியராக இருந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஒரே நாற்காலியில் ஆயுளுக்கும் உட்கார்ந்தவன் நாற்காலியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போவான்.

பூசை நடந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்மை, அதாவது பூசை அப்பம், கொடுக்கும் நேரம் வந்ததும் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். இருந்தேன். முகவரி கேட்கவில்லை, கைபேசி எண் கேட்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று தோளில் கை போடவும் இல்லை. வெளியே மரத்தடியில் வேதப்புத்தகத்துடன் உட்கார்ந்திருந்த மைத்துனரையும் யாரும் ஏன் உள்ளே வரவில்லை என்று விசாரிக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் அவரிடம் மணி கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் அந்த மண். ஓரியூருக்குப் போனவர்கள் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். செம்மண் என்று சொன்னால் போதாது. ஈரம் பட்ட இடத்தில் குங்குமக் கருப்பு, வெயில் பட்ட இடத்தில் செங்கல் பொடி. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பேரனின் நெற்றியில் மனைவி அதை ஒரு விரலால் தொட்டு வைத்தார். வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்தது, பையன் நாக்கை நீட்டி ருசி பார்த்தான். அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது நம்பிக்கை. ஒரு செய்தி: வெளியே ஒரு பெட்டிக்கடையில் இதே மண்ணைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். வாங்காதீர்கள். கீழே குனிந்தால் கிடைப்பதற்கு எதற்குக் காசு?

அந்த மண்ணில் நின்றுகொண்டிருந்தபோது, மைத்துனர் சொன்ன குற்றச்சாட்டு இதே ஊரில் முன்பே ஒருமுறை விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் ஆகியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. ஜான் டி பிரிட்டோ லிஸ்பனில் 1647-இல் பிறந்தவர், இயேசு சபைக்காரர். இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி மட்டும் உண்டு, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1686-இல் பிடித்து வதைத்து, மறவர் சீமைக்குள் இனி போதிக்கக் கூடாது என்று விட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போய்விட்டு மறுபடி வந்தார். தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பல மனைவியர் உள்ளவர் அவர். கிறிஸ்தவனானால் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றதும் மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்ட இளைய மனைவி சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை விழுந்தது.

அந்தக் கோப்பை அரண்மனைத் தரப்பிலிருந்து திறந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆள். மாறுவேடம் என்று சொல்லத்தக்க உடை. தடை போட்டும் திரும்பி வருகிறார். ஊரில் பெரிய மனிதரை மடக்குகிறார். குடும்பம் உடைகிறது. இன்றைக்கு நாம் எதைக் கேட்டால் போலீசில் சொல்லவேண்டும் என்று பதறுவோமோ அத்தனையும் அந்த மனுவில் இருந்திருக்கும். 1947-இல் ரோமாபுரி அவரைப் புனிதர் ஆக்கியது, இன்று என் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே மொட்டை. புதிதாக வரும் எதுவும் முதலில் கள்ளக் கூட்டம் போலத்தான் தெரியும். அந்த இளைய மனைவியின் பக்கமும் எனக்கு மனசு போகிறது. ஒரு நாள் காலையில் கணவனின் ஆன்மா கடைத்தேறிவிட்டது என்று சொல்லி அவளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஓரியூரில் அவளுக்கும் ஒரு கல் வைக்கலாம். என் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

திரும்பும்போது தொண்டியில் சாப்பாடு. தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டு சங்கடம். ஜும்ஆ தொழுகை முடியும்வரை பிரியாணிக் கடைகளில் அடுப்படியில் ஆளில்லை. காத்திருந்தோம், காத்திருந்ததற்குத் தகுந்த பிரியாணி. கறி நார் நாராகப் பிரிந்தது, நெய் கையில் ஒட்டவில்லை. இரண்டாவது சங்கடம் ஓட்டுநருடையது. எல்லோருக்கும் நானே பணம் கட்டியிருந்தேன். அவர் கறி வேண்டாம் என்றார், வெள்ளிக்கிழமை கறியை விலக்கும் ஒறுத்தல் விரதமாம். பக்கத்துக் கடையில் பாறை மீன் குழம்பும் சோறும் வாங்கிவந்து உட்கார்ந்தார். கடற்கரைக்காரனுக்கு மீன் எப்படி ஒறுத்தல் ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. ரோமாபுரியில் சட்டம் எழுதியவர்கள் தங்கச்சிமடத்துக் குழம்பைச் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

"கறி தின்றால் சாமியார் கேட்பாரா?" என்றேன்.

"யார் கேட்கப் போகிறார்கள் ஐயா? நானாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் இல்லை."

மைத்துனர் காலையில் குத்திக்காட்டிய பாவசங்கீர்த்தனம் இதுதான். நான் பார்த்தவரை இவர்களிடம் பதிவேடே இல்லாத ஒரே பிரிவு அதுதான். பெயர் எழுதுவதில்லை, காசு வாங்குவதில்லை, கேட்ட குரு வெளியே சொன்னால் அவருக்கே திருச்சபை நீக்கம். ஆளின் இரகசியத்தைக் கறந்து கோப்பில் போட்டு வைத்து, பிறகு அதைக் காட்டி மிரட்டுவது வேறு தொழில். அதற்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

"மாப்பிள்ளை, உங்கள் சபையில் எப்படி?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தாமதமானால் கைபேசியில் செய்தி வருமாம். ரசீது கிடையாதாம், கர்த்தருக்குக் கொடுத்ததற்கு ரசீது எதற்கு என்பார்களாம். சென்ற ஆண்டு ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது, அவர்களோடு பேச்சுவார்த்தை வைக்கக் கூடாது என்று மேடையிலேயே அறிவிப்பு. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தயிர் வெங்காயத்தைக் கிளறினார். எல்லாச் சபையும் அப்படி அல்ல. பைசா பைசாவாகக் கணக்கு ஒட்டும் சபைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கத்தோலிக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிடவும் என்னால் முடியாது. 140 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு வாதமே அல்ல. உறுப்பினர் அதிகம் உள்ள சங்கம்தான் பெரிதாகக் கவிழும். விலகல் விண்ணப்பம் எங்கே என்று தேடினேன். இல்லை. முறைப்படி திருச்சபையை விட்டு விலகுதல் என்று சட்டத்தில் ஒரு வாசகம் முன்பு இருந்திருக்கிறது, 2009-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றவன் பெற்றவன்தான், அந்த முத்திரை அழியாது என்பது அவர்கள் கொள்கை. ஏட்டில் கதவு இல்லை, ஆனால் நடைமுறையில் சுவரே இல்லை. ஜெர்மனியில் 2022-இல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். வருமான வரியோடு சேர்த்துப் பிடிக்கும் திருச்சபை வரி நின்றது, திருவருட்சாதனங்களும் நின்றன. திருச்சபை நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்களுக்குச் சிக்கல்தான். மற்றபடி வீடும் மனைவியும் நண்பர்களும் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

இதைவிடப் பெரிய ஆட்சேபணை வேறு. அந்தப் பெரிய வீட்டுக்குள் சில அறைகள் உண்மையிலேயே கல்ட்டாக நடந்திருக்கின்றன. மெக்சிகோவில் 1941-இல் மார்சியல் மாசியேல் தொடங்கிய 'கிறிஸ்துவின் படை' என்ற துறவற சபையில், மேலாளரைக் குறை சொல்லமாட்டேன் என்று தனி வார்த்தைப்பாடே வாங்கினார்கள். குறை சொல்லும் வாயைக் கட்டிவிட்டு அவர் சிறுவர்களை நாசம் செய்தார். பாதிக்கப்பட்டவர்கள் 1998-இல் ரோமில் முறைப்படி புகார் கொடுத்தும், 2006-இல்தான் அவரை ஜெபத்துக்கும் தவத்துக்கும் என்று ஒதுக்கினார்கள். சிறைக்குப் போகவில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1971-இல் தோன்றிய சொடாலிசியம் என்ற கத்தோலிக்க அமைப்பு இன்னொன்று. அதற்குள் நடந்த கொடுமைகளைப் பத்திரிகைக்காரர்கள் 2015-இல் போட்டு உடைத்தார்கள், 2025-இல் ரோமாபுரி அந்த அமைப்பையே கலைத்துவிட்டது. சிறுவர் மீதான வன்முறை வழக்குகளுக்குப் போப்பாண்டவர் இரகசியம் என்ற போர்வை 2019 டிசம்பரில்தான் விலக்கப்பட்டது. கலைத்ததும் விலக்கியதும் அவர்கள் ஏட்டில் வரவு, எடுத்துக்கொண்ட ஆண்டுகள் பற்று. என் கணக்கில் பற்றுதான் கனமாக நிற்கிறது.

இந்தக் கடற்கரையிலேயே ஒன்று பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். மீனவர் சங்கத் தணிக்கைக்குப் போயிருந்தபோது, ஒரு குடும்பத்தை ஊர்க் கமிட்டி விலக்கி வைத்திருந்தது. ஜெபக்கூட்டத்துக்குப் போனதுதான் குற்றம். கோயில் மணியை அடித்துக் கூட்டம் போட்டுத் தீர்மானம். ஐஸ் கிடையாது, ஏலத்தில் மீனை எடுக்க ஆள் கிடையாது, தண்ணீர்க் குழாயில் வரிசை கிடையாது. சாமியார் வாயைத் திறக்கவில்லை. அடுத்து வந்த சாமியார் முதல் மாதத்திலேயே அந்த வீட்டுக்கு நடந்து போய்க் காப்பி குடித்தார், விலக்கு கரைந்தது. ஊர் விலக்கு கத்தோலிக்கச் சட்டத்தில் இல்லை. என் சொந்த ஊரில் அம்மன் கோயில் திடலில் உட்கார்ந்து நாங்களும் இதையே செய்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யார் விளக்க முடியும்? அந்த ஊருக்கு அந்த ஆண்டில் மைத்துனர் வந்திருந்தால், அவர் சொன்ன வார்த்தையை நான் மறுத்திருக்கமாட்டேன்.

ஆகவே என் குறிப்பு: நிலைபெற்ற சமயம், கல்ட் அல்ல. ஆட்சேபணைகள் நிலுவையில் உள்ளன. பங்குக்குப் பங்கு, சபைக்குச் சபை தனித்தனியாகத் தணிக்கை செய்யவேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்து யாருக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது.

வேனுக்கு ஐந்தில் இரண்டு. ஓட்டுநருக்கு ஐந்து. தொண்டி பிரியாணிக்கு நான்கரை. தயிர் வெங்காயம் புளித்திருந்தது. பிப்ரவரி 4-ஐ ஒட்டிய நாட்களில் கூட்டம் நெரியும், குழந்தைகளோடு போகிறவர்கள் தவிர்க்கலாம். வெள்ளிக்கிழமை போனால் தொண்டிக்கு இரண்டு மணிக்குப் பிறகு வந்து சேரும்படி திட்டமிடுங்கள். மொட்டைக்கு வீட்டிலிருந்தே புதுப் பிளேடு கொண்டு போங்கள், சந்தனத்தை அங்கே வாங்கிக்கொள்ளலாம். மாற்றுக் கருத்துள்ள மைத்துனர் இருந்தால் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் இல்லாத வண்டியில் பேச்சாவது இருக்கவேண்டும்.